நல்ல பிள்ளை என்ற திரை



அர்ச். மோனிக்கம்மாளைக் கண்ணீர் விட்டு மகனை மீட்ட தாயாகவே நாம் அறிந்திருக்கிறோம். அவள் சிறுமியாயிருந்தபோது குடிக்கப் பழகினாள் என்றால் உங்களில் சிலர் திடுக்கிடலாம். சொன்னவர் அவள் மகன் அர்ச். அகுஸ்தீனுஸ் தாமே. பெற்றோர் அவளைத் திராட்சை இரசம் மொண்டு வர அனுப்புவார்களாம். முதலில் விளையாட்டாக உதடு நனைய ஒரு துளி; நாளடைவில் கிண்ணம் கிண்ணமாக. வீட்டார் சந்தேகப்படவில்லை, அவள் நல்ல பெண் அன்றோ! உடன் போன வேலைக்காரிக்கு மட்டுமே தெரியும். ஒருநாள் சச்சரவில் அவள் குடிகாரி என்று ஏசிவிட, மோனிக்கா நாணி அன்றோடு விட்டாள். ஏச்சு அங்கே பலித்தது. ஆனால் அந்தச் சிறுமி நோயின் வாசற்படியில்தான் நின்றாள். உள்ளே போய்விட்டவனை ஏச்சு இன்னும் உள்ளே தள்ளும்.

நம் எம். புதுப்பட்டிக்கு வருவோம். மதுவைப் பற்றி மட்டும் கவலைப்பட்ட காலம் போயிற்று. உதட்டுக்குள் அதக்குகிற கூல் லிப், கஞ்சா, கரைத்து ஊசியில் ஏற்றுகிற வலி மாத்திரை ஆகியவை தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் எட்டிவிட்டன. பட்டாசுத் தொழில் நடக்கும் ஊரிலோ ஆபத்து இருமடங்கு. மருந்து செலுத்துகிற அறையில் ஓர் உராய்வு போதும். கை நடுங்குகிறவன் தன் உயிரோடு பக்கத்தில் வேலை செய்கிற தாய்மாரின் உயிரையும் பணயம் வைக்கிறான்.

ஆகையால் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். கஞ்சாவானால் கண் சிவக்கும், வாய் உலரும், வேளைகெட்ட வேளையில் பசிக்கும். வலி மாத்திரையானால் கண்ணின் கருமணி ஊசிமுனையாய்ச் சுருங்கும். பேச்சின் நடுவிலே தலை தொங்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டான். அது கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், கொட்டாவி ஓயாது, மயிர் சிலிர்க்கும், வயிறு கழியும். நாமோ ஜுரம் என்று கஷாயம் வைத்துக் கொடுப்போம்! பஞ்சர் ஒட்டும் பசையை முகர்கிறவனுடைய துணியில் அந்த வாடை நிற்கும், வாயோரம் புண் காணும். பழைய கூட்டாளிகள் மறைவார்கள். புதியவர்கள் வாசலுக்கு வராமல் தெருமுனையில் நின்று சீட்டியடிப்பார்கள். சனிக்கிழமைச் சம்பளம் ஞாயிறு பூசைக்கு முன்னே கரைந்திருக்கும்.

ஒரே ஓர் அடையாளத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். காசநோயும் உடலை மெலிய வைக்கும். மனத்துயரமும் தூக்கத்தைக் கெடுக்கும். முன்பு எப்படி இருந்தான், இப்போது எப்படி இருக்கிறான் என்ற வித்தியாசமே முக்கியம். அது தாய்க்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

தெரிந்தும் நாம் செய்வதென்ன? போர்மேனிடம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்கிறோம். கடனைக் காதும் காதும் வைத்தாற்போல் அடைக்கிறோம். ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று பெண் பார்க்கிறோம். சொல்லக் கசக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: தெரிந்தே மறைத்து நடத்தும் கலியாணம் ஒரு பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். சோற்றில் தெரியாமல் மருந்து கலப்பதும் வேண்டாம். அதன்மேல் குடித்தால் உயிருக்கே மோசம்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் தம் கணவரை 1979-ல் குடிக்குப் பறிகொடுத்தார். பெரிய தொழில் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. வெட்கத்தால் கதவை அடைத்துக்கொள்ளாமல் மறு ஆண்டே டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று அறியப்படும் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் பயிற்சி உண்டு. 1989-ல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், கிராமத்திலேயே முகாம் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். இது பட்டணத்தார் வியாதி என்றும், பணக்காரர் வைத்தியம் என்றும் சொல்ல இனி இடமில்லை.

பேசுவதானால் போதை தெளிந்த காலை நேரத்தில், தனியே பேசுங்கள். நீ கெட்டுப்போனாய் என்று தொடங்காமல், நான் கண்டது இது, எனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்லுங்கள். முதல் முறை மறுப்பான், கோபிப்பான். மறு வாரமும் பேசுங்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ மனநல வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். போலீசுக்கு அஞ்சி ஒளிக்கிறவர்களும் உண்டு. சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருந்தவன் தானே முன்வந்து சிகிச்சையை முடித்தால் அவனுக்கு விலக்களிக்க, போதைப் பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவே உண்டு.

வெகுகாலம் மிகுதியாய்க் குடித்தவனை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம். வைத்தியர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இரவில் உதடு நீலம்பாரித்து, குறட்டையோடு மூச்சு மெதுவாகி, உலுக்கியும் எழாவிட்டால், தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். என்ன உட்கொண்டான் என்று தெரிந்தால் வந்தவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரை அட்டை கையில் இருந்தால் அதையும் கொடுத்தனுப்புங்கள்.