ஆபத்துக்குப் பாவமில்லையா?

இடிபாட்டில் சிக்கியவனை முதலில் தூக்குவது அரசாங்கம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன்தான். பேரிடர்ப் பயிற்சிகள் எல்லாம் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்குகின்றன. 1985இல் மெக்சிகோ நகரம் பூகம்பத்தில் சரிந்தபோது சாதாரண ஜனங்கள் வெறுங்கையால் நூற்றுக்கணக்கானோரை மீட்டார்கள். பயிற்சி இல்லாததால் மீட்கப்போன பலரும் செத்தார்கள். இந்தியாவில் 2016இல் வந்த 'ஆப்த மித்ரா' திட்டம் 30 மாவட்டங்களில் 6,000 தன்னார்வலர்களைத் தயார்செய்யப் புறப்பட்டது. நல்ல காரியம்தான்.

ஆனால் எனக்கொரு கேள்வி. ஊருக்கும் சேரிக்கும் நடுவுல பக்கத்து வீடு ஏது?

முதலுதவி என்பது தொடுகிற வேலை. இதயம் நின்றவன் நெஞ்சில் கைவைத்து நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை அழுத்தணும். ரத்தம் பீறிட்டால் காயத்தை இறுக்கிப் பிடிக்கணும். எங்க பக்கம் நடந்த ஒரு பயிற்சியில் ஜோடி சேரச் சொன்னார்கள். ஊர்ப் பையன்கள் ஊர்ப் பையன்களோட, எங்க பையன்கள் எங்க பையன்களோட சேர்ந்துகொண்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர் கண்ணில் அது படவே இல்லை.

'உயிர் போற நேரத்துல சாதி பார்ப்பாங்களா? ஆபத்துக்குப் பாவமில்லை' என்பார்கள். இந்தப் பழமொழியைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆபத்தில் மட்டும் பாவமில்லை என்றால், மற்ற நாளில் பாவம் என்றுதானே அர்த்தம்? இது தீண்டாமைக்கு விடுமுறை தருகிறது, அவ்வளவுதான்.

அந்த விடுமுறையும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நிவாரணத்திலும் முகாம்களிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள். அழுகிய பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் நம்ம சனங்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. அவர்களை யாரும் தன்னார்வலர் என்று அழைக்கவில்லை. உசிரைத் தூக்கினால் சேவை, சான்றிதழ்; பொணத்தைத் தூக்கினால் சாதித்தொழில். ரெண்டும் கைதானே?

அதனால் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் அதிகமாக வேண்டும் என்கிறேன். சாதாரண நாளில் பழகாத கை ஆபத்து நாளில் நீளாது என்பதுதானே பயிற்சியின் தத்துவமே? தீண்டாமைக்கும் அதே கணக்குதான். சேரியில் நடத்துங்கள். ஜோடியை நீங்களே மாற்றிப் போடுங்கள். பிணம் தூக்கிய அனுபவம் உள்ளவரை ஆசிரியராக உட்காரவையுங்கள். அவருக்குச் சம்பளமும் கொடுங்கள்.

யார் கை, யார் நெஞ்சுமேல என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தபிறகு கேட்க நேரமிருக்காது.