இழந்தவரிடம் முதற்கேள்வி

பொருளைப் பறிகொடுத்தவரிடம் உலகம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "அதை ஏன் அங்கே வைத்தீர்கள்?" கேட்பவர் கொடியவர் அல்லர். உறவினராக இருப்பார், நண்பராக இருப்பார், புகாரை எழுதிக்கொள்ளும் காவலராகவும் இருப்பார். நல்லெண்ணத்துடன்தான் கேட்கிறார். ஆயினும் அக்கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. கள்வன் செய்த குற்றத்தில் ஒரு பங்கை, சிறு பங்கையேனும், இழந்தவர் தலையில் அது ஏற்றிவிடுகிறது. அவ்வாறு ஏற்றுவது முறைதானா? இதனையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

வெறுஞ்சொல்லாக ஆராய்வதினும் ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமிருந்து வடக்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலை உலகப் புகழ் பெற்றது. ஒருபுறம் மலைச்சரிவு; மறுபுறம் பசிபிக் பெருங்கடல். 1932இல் கட்டி முடிக்கப்பட்ட பிக்ஸ்பி பாலமும், மாண்டரே நகரும் அவ்வழியில் உள்ளன. கோடை விடுமுறையில் வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு அவ்வழியே செல்வோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் சென்று சேர விரும்பும் ஊர் சான் பிரான்சிஸ்கோ. காண விரும்பும் காட்சி, 1937இல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலம்.

அந்த ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. 2017ஆம் ஆண்டில் மட்டும் அங்கே முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட கார் உடைப்புத் திருட்டுகள் பதிவாயின. பின்னர் 2024இல் அத்தொகை முந்தைய ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கிற்று என்பது ஆறுதல். எனினும், காரில் ஒரு பொருளையும் விட்டுச் செல்லாதீர் என்னும் எச்சரிக்கைப் பலகைகள் அவ்வூர்ச் சுற்றுலாத் தலங்களின் ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டன.

அங்கே வந்து சேரும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய், தந்தை, இரு பிள்ளைகள், முதிய பாட்டி. ஐந்து நாள் பயணம் முடிந்திருக்கிறது. இன்னும் பத்து நாள் எஞ்சியிருக்கிறது. விடுதியில் அறை கிடைக்கப் பிற்பகல் ஆகும். ஆகவே பெட்டிகள் காரிலேயே இருக்கின்றன. பாலத்தைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்புகிறார்கள். பின்பக்கக் கண்ணாடி இல்லை. இருக்கையிலும் தரையிலும் கற்கண்டுபோல் கண்ணாடித் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. கடவுச்சீட்டுகள் இருந்த பை போயிற்று. பாட்டியின் மருந்துகள் போயின. பிள்ளைகளின் உடைகள் போயின. அன்று மாலை அவர்கள் பேசிக்கொள்வது அடுத்த ஊரைப் பற்றியன்று. வீடு திரும்பும் வழியைப் பற்றி. அயல்நாட்டில் கடவுச்சீட்டை இழந்த இந்தியருக்குத் தூதரகம் வழங்கும் அவசரச் சான்று தாயகம் திரும்புவதற்கு மட்டுமே செல்லும். உல்லாசப் பயணம் ஒரே வழிப் பயணமாகச் சுருங்கிவிடுகிறது.

இவர்களிடம் நாம் "ஏன் காரில் வைத்தீர்கள்?" என்று கேட்கிறோம். உள்ளூர்வாசிக்குப் பொருளை வைக்க வீடு உண்டு. பயணிக்கோ, ஓர் அறையை விட்டு மற்றோர் அறையை அடையும் வரை, காரே வீடு. "வேறு எங்கே வைப்பது?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடை இல்லை.

ஆனால் வாதத்தின் பொருட்டு, அவர்கள் கவனக்குறைவாகவே இருந்தார்கள் என்று கொள்வோம். பை கண்ணுக்குத் தெரியும்படி இருக்கையில் கிடந்தது; எச்சரிக்கைப் பலகையையும் அவர்கள் படிக்கவில்லை. அப்போதாவது கள்வனின் குற்றத்தில் அவர்களுக்குப் பங்கு வருமா?

வரும் என்போர் விபத்தை உவமை காட்டுவர். இரண்டு கார்கள் மோதினால் யார்மீது எத்தனை விழுக்காடு தவறு என்று நீதிமன்றம் பகுக்கிறதே. 1975ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றமே இம்முறையை ஏற்றுக்கொண்டதே. திருட்டிலும் அவ்வாறு பகுத்தால் என்ன என்பர். உவமை பொருந்தாது. விபத்தில் இருவர் செய்ததும் ஒரே இனத்துத் தவறு: கவனமின்மை. ஓரினத்தவற்றைக் கூட்டலாம், பங்கிடலாம். திருட்டில் ஒருவர் செய்தது மறதி. மற்றவர் செய்தது தேர்ந்து துணிந்த செயல். மறதியை எத்தனை மடங்கு பெருக்கினாலும் அது ஒருபோதும் களவாகாது. இருக்கையில் கிடந்த பையை அன்று நூறு பேர் கண்டிருப்பர்; தொண்ணூற்றொன்பது பேர் கடந்து சென்றனர். நூறாமவன் கையை நீட்டியதற்குப் பை காரணமன்று. பைதான் காரணமென்றால் தொண்ணூற்றொன்பது பேரும் அன்றோ எடுத்திருக்க வேண்டும்?

ஆகவே எச்சரிக்கையின்மை ஒரு கணக்கு. களவு வேறொரு கணக்கு. முன்னது நம் பொருளுக்கும் நம்மை நம்பியிருப்போர்க்கும் நாம் செலுத்த வேண்டிய கடமையில் நேரும் குறை. பின்னது பிறர்க்குச் செய்யும் அநீதி. வள்ளுவர் இவ்விரண்டுக்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்த முறையை இங்கு நினைக்கலாம். கள்ளாமை என்பதை அவர் அறத்துப்பாலில், துறவறவியலில், 29ஆம் அதிகாரமாக வைத்தார். மறதியின்றி விழிப்புடன் இருத்தலாகிய பொச்சாவாமையைப் பொருட்பாலில், அரசியலில், 54ஆம் அதிகாரமாக வைத்தார். ஒன்று அறத்தின் பாற்பட்டது. மற்றது பொருளைப் பேணும் திறத்தின் பாற்பட்டது. ஒன்றின் குறையை எடுத்து மற்றதன் நிறுவையில் வைப்பது கணக்குப் பிழை.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் இந்நுட்பத்தை ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். களவுக்குரிய வரையறுத்த தண்டனையை விதிக்க, பொருள் தக்க பாதுகாப்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்களுள் பெரும்பாலோர் முடிபு. அப்பாதுகாப்பை 'ஹிர்ஸ்' என்பர். எது தக்க பாதுகாப்பு என்பது பொருளுக்கும் இடத்துக்கும் மக்கள் வழக்கத்துக்கும் ஏற்ப மாறும். பணத்துக்குப் பெட்டி, கால்நடைக்குத் தொழுவம். அவ்வாறு பாதுகாக்கப்படாத பொருளை ஒருவன் எடுத்தால் அவ்வரையறுத்த தண்டனை அவனுக்கில்லை. அதனால் அவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா? இல்லை. பாவம் பாவமே, பொருளைத் திருப்பித் தரும் கடன் நிற்கும், நீதிபதி தம் விருப்புரிமைப்படி வேறு தண்டனை விதிக்கலாம். உடையவரின் கவனக்குறைவு கள்வனுக்குரிய தண்டனையின் வகையை மாற்றக்கூடும். அவன் செயலின் தன்மையை மாற்றாது. அவன் பாவத்தில் ஓர் அணுவையும் உடையவர் ஏட்டுக்கு மாற்றி எழுதாது.

இந்த வேறுபாடு மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்குக் கலிபோர்னியாவே சான்று. அம்மாநிலச் சட்டத்தில் காரை உடைத்துத் திருடும் குற்றத்தை மெய்ப்பிக்க, கார்க் கதவு பூட்டியிருந்தது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி உடைந்து கிடந்தாலும், கதவைப் பூட்டினேன் என்று சொல்ல உடையவர் பெரும்பாலும் சாட்சிக் கூண்டேற வேண்டும். பயணியோ அதற்குள் பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள தம் ஊரை அடைந்திருப்பார். கள்வன் நின்ற நீதிமன்றத்தில் கேள்வி, "நீ ஏன் உடைத்தாய்?" என்பதாக இல்லை, "அவர் பூட்டினாரா?" என்பதாக இருந்தது. மறுபுறம், கண்ணாடி உடைபடும் செலவுக்கு அஞ்சி, கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டும் டிக்கியைத் திறந்து வைத்தும் சென்றோரும் உண்டு. "எடுக்க ஒன்றுமில்லை, உடைக்க வேண்டா" என்று எழுதி ஒட்டியோரும் உண்டு. கள்வனுக்கு இரங்கிக் கதவைத் திறந்து வைத்தவர், அதனாலேயே சட்டத்தின் துணையையும் இழக்க நேரும் நிலை! பல ஆண்டு முயற்சிக்குப் பின்னரே 2024இல் இக்குறையை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பூட்டியிருந்ததா என்னும் கேள்வியைக் கடந்து, திருடும் நோக்குடன் வலிந்து புகுந்தான் என்பதே குற்றத்துக்குப் போதும் என்றாயிற்று. கேள்வி உரியவனிடம் திரும்பியது.

இனி மற்றொரு மறுப்பையும் எதிர்கொள்வோம். "கள்வன் ஏழை; பயணி செல்வர். வறுமையை வளர்த்த சமுதாயமே குற்றவாளி" என்பர் சிலர். வறுமையை ஒழிப்பது சமுதாயத்தின் கடன் என்பதில் நமக்கு ஐயமில்லை. கடும் பஞ்சம் நிலவிய ஆண்டில் கலீபா உமர் அவர்கள் களவுக்கான தண்டனையை நிறுத்தி வைத்தார்கள் என்பது வரலாற்று மரபு. பசித்தவன் எடுத்த பிடி உணவையும் சட்டத்தால் மட்டுமே அளப்பது கொடுமை என்பதை அது காட்டுகிறது. ஆனால் பாட்டியின் மருந்துப் பையால் எவர் பசியும் தீர்வதில்லை. கடவுச்சீட்டைக் குப்பையில் எறிந்து செல்பவனைப் பஞ்சத்தின் பெயரால் காப்பது, உண்மையாகவே பசித்தும் களவாடாதிருக்கும் எண்ணற்ற ஏழைகளை இழிவுபடுத்துவதாகும்.

அந்த ஏழைகளைப் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் நடைபாதைகளில் வீடற்ற மாந்தர் பலர் படுத்திருப்பர். கண்ணாடி உடைந்த காரின் அருகே நிற்பவர் கண்ணுக்கு அவர்கள் அனைவரும் அக்கணத்தில் கள்வராகத் தோன்றுவர். இழந்த பொருளினும் பெரிய இழப்பு இங்கேதான் நேர்கிறது. கள்வன் எடுத்தது பை; நாமோ நம் கையாலேயே, எத்தீங்கும் செய்யாதவர்மீது நமக்கிருந்த நல்லெண்ணத்தை எடுத்து எறிந்துவிடுகிறோம். வீண் ஐயங்களைத் தவிர்க்கும்படி திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. ஐயங்களுள் சில பாவமாகும் என எச்சரிக்கிறது. காயம் பட்டவரைப் பார்த்தும் அக்கட்டளை பேசுகிறது. இழந்தவர்மீது குற்றப்பங்கு சுமத்தலாகாது என்று சொல்லும் நாம், இழந்தவர் பிறர்மீது அதனைச் சுமத்தலாகாது என்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இரண்டும் ஒரே நீதியின் இரு பக்கங்கள்.

அவ்வாறாயின் எச்சரிக்கையை எவரும் எடுத்துரைக்கவே கூடாதா? உரைக்கலாம், உரைக்க வேண்டும். கார்ப் பக்கக் கண்ணாடி எதற்காக அப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சிலரே அறிவர். விபத்தில் உள்ளிருப்போரைக் கூரிய சில்லுகள் கிழித்துவிடாதிருக்கவே, உடைந்தால் மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும்படி அதனை வெப்பமூட்டிக் குளிரவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அது உள்ளிருப்பவரைக் காக்கும் கண்ணாடி; வெளியே நிற்பவனைத் தடுக்கும் சுவரன்று. இதைப் பயணம் புறப்படுமுன் ஒருவருக்குச் சொன்னால் அது அறிவுரை. கடவுச்சீட்டையும் மருந்தையும் உடலோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று விடுதியில் சொன்னால் அது நட்பு. அதே சொற்களை, உடைந்த கண்ணாடியின் முன் நிற்பவரிடம் சொன்னால் அது தண்டனை. சொல் மாறவில்லை, காலம் மாறிற்று.

அப்படியாயின் அங்கே முதற்கேள்வி எதுவாக இருக்க வேண்டும்? ஸகாத்துப் பெறத் தகுதியுடையோரைத் திருக்குர்ஆன் எட்டு வகையாகக் கூறுகிறது. அவர்களுள் ஒருவர் வழிப்போக்கர். ஊரில் செல்வராக இருந்தும், பயணத்தில் பொருளை அடைய வழியற்றுத் தவிப்பவரும் அவ்வகையில் அடங்குவார் என்பர் மார்க்க அறிஞர். மாளிகை உடையவரும் வழியில் ஏழையாகலாம் என்னும் உண்மையைச் சட்டமாகவே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. கண்ணாடித் துண்டுகளுக்கிடையே நிற்கும் அக்குடும்பம் அந்நிலையில்தான் இருக்கிறது. வங்கியில் பணம் இருக்கலாம். கையில் அன்றிரவுக்கான மருந்து இல்லை.

அவர்கள் அருகே செல்பவர் கேட்கத்தக்க முதற்கேள்வி, "உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்பதே. மருந்துக் கடைக்கு வழி காட்டலாம். தூதரகத்துக்குத் தொலைபேசியில் பேசித் தரலாம். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுக்கலாம். களவை நம்மால் அழிக்க இயலாமற் போகலாம். ஆனால் ஓர் ஊரில் கண்ட கடைசி முகம் கள்வனுடையதாக இராதபடி செய்வது நம் கையில் இருக்கிறது.