சாவடிச் செலவு யார் பொறுப்பு?



நல்ல சமாரியர் உவமையைக் கேட்கும்போதெல்லாம் நம் மனம் அந்த எண்ணெயிலும் திராட்சை மதுவிலும் காயத்துக்கு இட்ட கட்டிலும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததையும் லூக்கா விடாமல் எழுதியிருக்கிறார். மறுநாள் அந்தச் சமாரியர் சாவடிப் பொறுப்பாளர் கையில் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறார். கட்டுப் போட்ட கையே செலவையும் ஏற்றுக்கொண்டது.

அந்த இரண்டு தெனாரியத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் யோசித்த ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அவர் கத்தோலிக்கர் அல்லர். கனடாவில் பாப்டிஸ்ட் சபையின் போதகராக இருந்தவர். பெயர் டாமி டக்ளஸ்.

1904இல் ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் ஊரில், ஒரு தொழிலாளி வீட்டில் பிறந்தார். சிறு வயதில் காலில் அடிபட்டு, எலும்பு வரை சீழ் வைத்துவிட்டது. குடும்பம் கனடாவின் வினிப்பெக் நகரில் குடியேறிய பிறகு நோய் முற்றியது. பெரிய மருத்துவரிடம் காட்டப் பணமில்லை. காலை எடுத்துவிடுவதுதான் வழி என்றிருந்த நேரத்தில், எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் அந்தப் பையனைக் கவனித்தார். தம் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சம்மதித்தால் கட்டணமே வேண்டாம் என்றார். கால் பிழைத்தது. அந்தப் பையன் வளர்ந்து, மானிட்டோபா மாகாணத்தில் குத்துச்சண்டைப் பட்டமே வென்றான்.

நம் வீட்டில் இப்படி நடந்திருந்தால் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்திருப்போம். அதுவும் சரிதான். டக்ளசுக்கும் அந்த மருத்துவர் மேல் நன்றி இருந்தது. ஆனால் நன்றியோடு ஒரு கேள்வியும் அவரை விடாமல் தொடர்ந்தது. அந்த மருத்துவரின் கண்ணில் படாத பிள்ளைகளின் கதி என்ன? ஒரு குழந்தையின் கால் நிலைப்பதும் போவதும் தகப்பனின் பணப்பையைப் பொறுத்ததா? இதைப் பக்திக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். எரிகோ சாலையில் அடுத்த வாரம் இன்னொருவர் அடிபட்டுக் கிடப்பார். அன்று அந்த வழியே சமாரியர் வராமலும் போகலாம்.

1930இல் குருப்பட்டம் பெற்று, சஸ்காட்செவன் மாகாணத்தின் வெய்பர்ன் ஊரில் கால்வரி ஆலயத்துக்குப் போதகராகப் போனார். மழை பொய்த்து, வயலெல்லாம் புழுதியாகப் பறந்த காலம் அது. கோதுமைக்கு விலையில்லை. பக்கத்து எஸ்தவானில் 1931இல் நடந்த சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். உரிய நேரத்தில் மருத்துவம் கிடைக்காமல் இறந்துபோன இளம் குடும்பத் தலைவர்களுக்கு இவரே அடக்கச் சடங்கு நடத்த வேண்டியிருந்தது. குருத்துவப் பணியில் அதைவிடக் கனமான வேலை வேறில்லை என்பதை நான் அறிவேன். தடுத்திருக்கக்கூடிய சாவின் முன் நின்று ஆறுதல் சொல்லும்போது வாய் வறண்டுவிடும்.

ஆறுதல் சொல்வதோடு நிற்காமல் டக்ளஸ் தேர்தலில் நின்றார். நின்றால் இனி எந்த ஆலயமும் கிடைக்காது என்று சபை மேலாளர் ஒருவர் எச்சரித்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1934இல் தோற்றார், 1935இல் நாடாளுமன்றம் போனார், 1944இல் அவருடைய சி.சி.எஃப். கட்சி மாகாணத்தின் 52 இடங்களில் 47ஐ வென்றது. பதினேழு ஆண்டுகள் முதல்வர். தொடக்கத்தில் சுகாதாரத் துறையையும் தாமே வைத்துக்கொண்டார். 1947இல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு வந்தது: ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர், ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் 30 டாலருக்கு மேல் இல்லை. எல்லாரும் சேர்ந்து முன்னதாகவே கொடுத்துவைத்த இரண்டு தெனாரியம் என்றே அதை நான் பார்க்கிறேன்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1933இல் எழுதிய முதுகலை ஆய்வேட்டில், குறைபாடுள்ளவர்கள் எனத் தாம் கருதியவர்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று வாதிட்டார். மனித மாண்புக்கு எதிரான கருத்து அது. அன்றும் தவறு, இன்றும் தவறு. ஆட்சிக்கு வந்தபின் அந்தப் பாதையை அவர் ஏற்கவில்லை.

மருத்துவர் கட்டணத்துக்கும் காப்பீடு கொண்டுவரும் திட்டம், அவர் தேசிய அரசியலுக்குப் போனபின், 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் நீடித்தது. திட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கி மேடையில் பேசியவர்களில் ஒருவர் நம் கத்தோலிக்கக் குரு, அருள்பணி அத்தோல் மர்ரே. ஏழைப் பிள்ளைகளுக்காகக் கல்விக்கூடம் நடத்திய நல்ல மனிதர்தான் அவரும். உவமையில் விலகிப் போன குருவையும் லேவியரையும் கெட்டவர்கள் என்று இயேசு சொல்லவில்லை என்பது இங்கே என் நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளில் கனடா முழுவதும் அந்தத் திட்டத்தைப் பின்பற்றியது. 2004இல் தொலைக்காட்சி வழியாக நடந்த வாக்கெடுப்பில், கனடாவின் தலைசிறந்த மனிதராக மக்கள் டக்ளசையே தேர்ந்தெடுத்தார்கள்.

டக்ளசைப் போல எங்கள் கத்தோலிக்கக் குருக்கள் ஆட்சிப் பொறுப்பு ஏற்பதைத் திருச்சபைச் சட்டம் 285 தடைசெய்கிறது. பீடத்தைச் சுற்றி எல்லாக் கட்சிக்காரரும் கூட வேண்டும் என்பதால் அந்த விலக்கை நான் மனதார ஏற்கிறேன். ஆனால் அது உங்களுக்கான விலக்கு அல்ல. இவ்வுலகக் காரியங்களை இறைத்திட்டப்படி ஒழுங்குபடுத்தும் பொறுப்பை இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரான உங்களிடம்தான் கொடுத்திருக்கிறது.

எனவே பெற்றோரே, நேர்மையான பிள்ளை ஒருவர் உங்கள் வீட்டில் வார்டு தேர்தலுக்கு நிற்கிறேன் என்றால், அரசியல் சாக்கடை, நமக்கெதற்கு என்று தடுக்காதீர்கள். வாக்குக் கேட்டு யார் வந்தாலும் உட்காரவைத்து, நம் ஊர் மருத்துவமனைக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.