பிறிதுயிரின் உள்ளம்

2022 நவம்பர் 30ஆம் நாட் காலை, புதுவை மணக்குள விநாயகர் திருக்கோயில் யானை இலட்சுமி நடந்து செல்லுங்கால் வீழ்ந்து உயிர்நீத்தது. ஊரார் திரண்டு கண்ணீர் உகுத்தனர். வாய்பேசா அவ்வுயிர்க்கும் உள்ளம் உண்டெனக் கண்டமையன்றோ அதற்குக் காரணம்?

உளநூலார் கர்ட் கிரே முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பிறிதொன்றன்பால் நாம் காணும் உள்ளம் நுகர்வு, செயலாற்றல் என இருகூற்றது என்றனர். நுகர்வுடையதெனக் கண்டதனைத் துன்புறுத்த அஞ்சுகின்றோம். செயலுடையதெனக் கண்டதன்மேற் பழியேற்றுகின்றோம். உயிரை வினைசெய்வோனாகவும் வினைப்பயன் நுகர்வோனாகவும் வைத்துரைக்கும் நம் சித்தாந்தத்தோடு இஃது ஒப்புநோக்கற்பாலது.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அவர் ஆராய்ந்தது காண்போரது காட்சியை. காணப்படும் உயிரின் உண்மையையன்று. நாம் காணாதொழியினும் உயிர் உளது. அதன் நோவும் உளது. அதனைக் காணவொட்டாது மறைப்பது ஆணவமேயாம். திருவாரூரிற் கன்றிழந்த பசு அசைத்த மணியோசையில் மனுநீதிச்சோழர் அதன் நோவினைக் கேட்டார். தம் மைந்தன் என்றும் பாராது முறைசெய்தார்.

யானைக்கு அழுத யாம், திருக்கோயில் வாயில்தோறும் கையேந்தி நிற்கும் முதியோரின் முகத்தை ஏறிட்டும் நோக்கினோமல்லேம். அவர்பால் உள்ளம் இல்லாமையன்று. எம்பாற் காட்சி இல்லாமையே. அம்மறைப்பு நீங்கத் திருவருளை இறைஞ்சுவோமாக.

சிவம்.