நம் பாவத்திற்கு யார் விலை கொடுப்பது?

அல்ஹம்துலில்லாஹ். ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



"உங்கள் பாவங்களுக்காக இயேசு சிலுவையில் மரித்தார்" என்று கிறிஸ்தவ நண்பர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை. அல்லாஹ் அவர்களைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்பது நம் ஈமான் (4:157, 158). ஆனால் அவர்களின் நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. அதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098-இல் எழுதி முடித்த நூலில் அந்தக் கேள்வியைக் காணலாம். பாவம் ஒரு கடன். அதைச் சும்மா தள்ளுபடி செய்தால் நீதி என்னாவது? மனிதன் தீர்க்கக் கடமைப்பட்டவன், ஆனால் இயலாதவன். ஆகவே இறைவனே மனிதனாக வந்து தீர்த்தான் என்பது அவருடைய வாதம். குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா என்று அடுத்த தலைமுறையில் கேட்டவரும் ஒரு கிறிஸ்தவ அறிஞரே: பீட்டர் அபெலார்ட்.

நம் மார்க்கம் என்ன சொல்கிறது? ஆதம் (அலை) அவர்கள் தவறினார்கள், தவ்பா செய்தார்கள், அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் (2:37). அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. பிள்ளைகள் தலையில் எழுதப்படவில்லை. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் (35:18). லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில் வரும் தந்தையும், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய மகனை ஓடிப்போய் அணைத்துக்கொள்கிறார். யாரிடமும் ஈடு கேட்கவில்லை.

அப்படியானால் நீதி? இங்கேதான் கவனம் தேவை. நம் பாவத்தால் அல்லாஹ்வுக்கு எந்த நஷ்டமும் இல்லை, அவன் தேவையற்றவன். அதனால் அவனுடைய ஹக்கில் நாம் தவறினால், உண்மையான தவ்பாவைக் கொண்டு மன்னிக்கிறான். ஆனால் அடியார்களின் ஹக் அப்படியல்ல. அங்கே நஷ்டப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும். தொழுகை, நோன்பு, ஸகாத்துடன் மறுமைக்கு வந்தும், பிறர் பொருளைத் தின்றதாலும் பிறரைத் திட்டி அடித்ததாலும் நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவரே உண்மையான ஓட்டாண்டி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

"உங்கள் பாவத்தை இன்னொருவர் தீர்ப்பாரா?" என்று கிறிஸ்தவரிடம் கேட்கிறோம். அதே கேள்வியை நம்மிடமும் கேட்போம். சகோதரிக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஓர் உம்ரா போய் வந்தால் எல்லாம் கழுவப்பட்டுவிடும் என்று நினைக்கிறோமா? வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு, நபியின் ஷஃபாஅத் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்குகிறோமா? ஷஃபாஅத் உண்மை; ஆனால் அது பிறர் பணத்தை விழுங்க அனுமதிச் சீட்டு அல்ல.

யாருக்குத் தர வேண்டியது உங்களிடம் இருக்கிறதோ, அடுத்த ஜும்ஆவுக்குள் அவரைப் போய்ப் பாருங்கள். அதை உங்களுக்காக வேறெவரும் செய்ய முடியாது.

அல்லாஹ் நம் தவ்பாவை ஏற்று, பிறர் ஹக்கை நிறைவேற்ற தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.