தவமும் தண்டனையும்

மறைந்த கலைஞர்களைப் பற்றித் தமிழில் வரும் நினைவுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் கடைசிப் பத்தியை முதலில் எழுதிவிட்டுத் தொடங்கப்பட்டவை போலிருக்கும். எம்.கே. தியாகராஜ பாகவதர் தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்று கட்டுரை ஆரம்பித்தாலே, கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த அவரைப் பிச்சைக்காரர் என்று நினைத்து யாரோ காசு போட்டார்கள் என்ற இடத்தில்தான் அது போய் நிற்கப்போகிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். தட்டு எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் காசு சத்தமாக விழும். இதில் அறம் சார்ந்த கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு மனிதரின் முடிவை வைத்து அவருடைய வாழ்வு முழுவதற்கும் பொருள் சொல்ல நமக்கு உரிமை உண்டா? இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்ற பழைய நாகரிகத்தை இங்கே வாதத்துக்கு அழைக்கவில்லை. அந்த நாகரிகத்தால் மேடைப் புகழ்ச்சிதான் பெருகியிருக்கிறது. கேட்க வேண்டியது வேறு: முடிவைக் கதையின் நீதியாக்கும்போது யாருக்கு அநீதி நடக்கிறது, யாருக்கு அது வசதியாக இருக்கிறது?

பாகவதரையே எடுத்துக்கொள்ளலாம். 1934இல் ‘பவளக்கொடி’யில் அறிமுகமானவர், பத்தே ஆண்டுகளில் ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என்று வந்து சேர்ந்தார். நடித்த படங்களை எண்ண இரண்டு கைவிரல்களுக்கு மேல் சில விரல்கள் போதும். 1944 நவம்பரில் மஞ்சள் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1945இல் ஆயுள் தண்டனை, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை. வழக்கமான கதை இதற்குப் பிறகு வேகமெடுக்கும்: சிறையிலிருந்து வந்தவரை மக்கள் மறந்துவிட்டார்கள், படங்கள் ஓடவில்லை, எல்லாம் போயிற்று. ஆனால் 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் அதன் கதாநாயகன் சிறைக்குள் இருந்தார். கொலைக் குற்றவாளி என்று கோர்ட்டு சொன்னவரின் பாட்டைக் கேட்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அன்றைய ரசிகருக்கு மனிதரையும் தீர்ப்பையும் பாட்டையும் தனித்தனியே வைத்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்து கதை சொன்னவர்களுக்குத்தான் தெரியவில்லை.

பிற்காலப் படங்கள் எடுபடாததற்கு விதியைத் தேடிப் போக வேண்டியதில்லை. நடிகரே பாட வேண்டும் என்ற நிலையைப் பின்னணிப் பாட்டு கலைத்துக்கொண்டிருந்தது. 1949இல் ‘வேலைக்காரி’, 1952இல் ‘பராசக்தி’ என்று வசனம் கொட்டகையைப் பிடித்துக்கொண்டது. பாட்டால் எழுந்த நடிகருக்கு அந்தச் சினிமாவில் இடம் சுருங்கியதில் வியப்பில்லை. அப்போதும் அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’ என்று நடித்தார், 1957இல் ‘புது வாழ்வு’ வந்தது, கச்சேரி மேடையில் கடைசிவரை பாடினார். 1959 நவம்பர் 1ஆம் தேதி இறந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கோயில் வாசல் காசுக் கதை இந்த விவரங்களை எல்லாம் விழுங்கிவிடுகிறது. சொல்பவருக்கு ஏற்பக் கோயிலின் பெயர் மாறும்; காசு மட்டும் தவறாமல் விழும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதை ‘ஹரிதாஸ்’ படத்தின் கதையேதான். குதிரையேறிப் பாடிவரும் உல்லாசி, பெற்றோரை மதியாதவன், தாசியிடம் சொத்தை இழந்து, கால்களையும் இழந்து, அதன் பிறகு பக்தியைக் கண்டடைகிறான். படத்திலாவது கால்கள் திரும்பக் கிடைத்தன. நாம் திரைக்கதையை எடுத்து நடிகரின் வாழ்க்கை மேல் ஒட்டிவிட்டு, அற்புதத்தை மட்டும் வெட்டிவிட்டோம்.

அதே வழக்கில் அதே தண்டனை பெற்று அதே நாளில் வெளிவந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். ‘நல்லதம்பி’யில் நடித்தார், ‘மணமகள்’, ‘பணம்’ படங்களை இயக்கினார், 1957இல் அவரும் ஐம்பதைத் தொடாமல் போனார். அவர் கதையில் சிறை ஓர் அத்தியாயம், அவ்வளவே. கையில் காசில்லாமல் போனதும் அவர் விஷயத்தில் கொடுத்துக் கொடுத்துக் கரைந்த வள்ளல்தன்மைக்குச் சான்றாகிவிட்டது. அவரைப் பேணி நினைக்க ஓர் அரசியல் இயக்கம் இருந்தது. 1969 ஜனவரியில், உடல் தளர்ந்திருந்த நிலையிலும் வந்து, தியாகராய நகரில் அவர் சிலையைத் திறந்துவைத்தவர் அண்ணா. பாகவதருக்கு அப்படி ஓர் இயக்கம் இல்லை. ஆக, ஒரே சம்பவம் ஒருவருக்குத் தழும்பாகவும் இன்னொருவருக்குத் தலையெழுத்தாகவும் ஆனதற்குக் காரணம் அவர்கள் வாழ்ந்த விதத்தில் மட்டும் இல்லை. சொல்ல யார் மிஞ்சியிருந்தார்கள் என்பதும் அதில் சேர்த்தி.

இங்கே ஓர் எழுத்தாளரையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அவரும் பாகவதரும் ஒரே படத்தில் சந்திக்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு பாகவதர் எடுத்த ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் பூனா போனவர் புதுமைப்பித்தன். காசநோய் முற்றித் திருவனந்தபுரம் திரும்பி, 1948இல், படம் திரைக்கு வருமுன்பே 42 வயதில் இறந்தார். அவருடைய வறுமை எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனித்தால் வேறொரு தராசு தெரியும். எழுத்தாளன் ஏழையாகச் செத்தால் அது தவம். சமரசம் செய்துகொள்ளாததன் விலை, மேதைமையின் முத்திரை. நடிகன் ஏழையாகச் செத்தால் அது தண்டனை. ஆடிய ஆட்டத்தின் பலன், அடக்கமில்லாததன் கூலி. புதுமைப்பித்தன் சினிமாவுக்குப் போனது பிழைக்கத்தான். பத்திரிகைச் சம்பளம் போதாமல் போன குடும்பஸ்தர் அவர். மனைவி கமலாவுக்கு எழுதி, பின்னாளில் நூலாக வந்த கடிதங்களில் பணம் அனுப்புவது பற்றிய கவலை ஓயாமல் வருகிறது. அந்தக் கவலையைத் தவம் என்று அழைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தண்டனை என்று அழைப்பது பாகவதருக்குச் செய்யும் நீதியும் ஆகாது.

இரண்டு தராசுகளும் பார்வைக்கு எதிரெதிரானவை. ஆனால் செய்யும் வேலை ஒன்று. தவம் என்றால் எழுத்தாளருக்குக் கூலி கொடுக்கத் தேவையில்லை, கொடுத்தால் தவம் கெட்டுவிடும். தண்டனை என்றால் நடிகருக்கு என்ன ஒப்பந்தம் இருந்தது, பாட்டு விற்ற பணத்தில் பங்கு இருந்ததா என்றெல்லாம் கேட்கத் தேவையில்லை. ஒரு முறை வாங்கிய தொகையோடு எல்லாம் முடிந்துவிடும் தொழிலாகவே தமிழ்ச் சினிமா நெடுங்காலம் நடந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று சட்டத்தில் வந்ததே 2012இல்தான். தலைவிதி என்று பாடப்பட்டதில் எவ்வளவு வெறும் ஒப்பந்தத் தாளில் இருந்தது என்பதற்கு இந்தத் தாமதமே சாட்சி. நடிகை சாவித்திரி கதையிலும் முடிவு வேலையை மறைத்துவிடுகிறது. பெண் இயக்குநர்கள் அரிதாக இருந்த காலத்தில் தமிழிலும் தெலுங்கிலும் படங்களை இயக்கியவர் அவர். ஆனால் ‘பிராப்தம்’ என்றதும் அவர் பணம் இழந்த படம் என்றுதான் நினைவுக்கு வருகிறது. இயக்குநர் சாவித்திரியைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவருடைய குடியைப் பற்றி எழுதாதவர்களையும் அப்படித்தான் எண்ண வேண்டியிருக்கும்.

உண்மையை மறைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். வலுவான ஆட்சேபம்தான். குடித்தார் என்றால் குடித்தார் என்று எழுதத்தான் வேண்டும். அதற்கு நல்ல முன்மாதிரியும் நம்மிடம் இருக்கிறது: 1951இல், நண்பர் இறந்து மூன்றே ஆண்டில், தொ.மு.சி. ரகுநாதன் எழுதிய ‘புதுமைப்பித்தன் வரலாறு’. நண்பரின் அன்பு அதில் உண்டு, ஆனால் பூசிமெழுகல் இல்லை. மனிதர் கோபமும் குறும்பும் பிடிவாதமுமாக, எழுதிக்கொண்டும் வேலையை விட்டுக்கொண்டும் நடமாடுகிறார். நோய் கடைசியில்தான் வருகிறது, வர வேண்டிய இடத்தில். குறையைச் சொல்வதற்கும் குறையை வைத்து முழுவதையும் விளக்குவதற்கும் உள்ள தூரம் அதைப் படித்தால் புரியும். பெயர் தெரியாத சாட்சியை நம்பிக் கோயில் வாசல் கதையை அச்சேற்றுகிறவர் உண்மையின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’விலும் ‘இந்து நேச’னிலும் செய்தது இதைத்தான். உயிரோடிருந்த நடிகர்கள் கவர்னரிடம் மனுக் கொடுக்கவாவது முடிந்தது. இறந்தவருக்கு அந்த வழியும் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவுகூட, உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் மட்டுமே இறந்தவர் மீதான அவதூறைக் குற்றமாகப் பார்த்தது. உறவினர் யாரும் கேட்க வராத இடத்தில் எழுதுபவரின் மனச்சாட்சிதான் மிச்சம்.

இன்னொரு வாதம் மென்மையானது: சோகம்தான் அவர்களை மக்கள் மனத்தில் உயிரோடு வைத்திருக்கிறது, அதைப் பறித்தால் பெயரே மறந்துபோகும் என்பது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. பாகவதர் பாட்டைக் கேட்டறியாத தலைமுறைக்கும் அந்தக் காசுக் கதை தெரிந்திருக்கிறது. ஆனால் அப்படி மிஞ்சுவது பாகவதர்தானா? அந்த இடத்தில் ஏழையாகிப்போன எந்தப் பணக்காரரின் பெயரைப் போட்டாலும் கதை நிற்கும். உச்ச சுருதியில் ஏறி நின்ற அந்தக் குரலின் இடத்தில் வேறு யாரையும் வைக்க முடியாது. ஆகவே நினைவுக் கட்டுரையில் இடம் குறைவென்றால் எதை வெட்டுவது என்பதில் குழப்பம் வேண்டியதில்லை.

புதுமைப்பித்தனே நினைவுச் சடங்குகளை வெறுத்தவர்தானே, அவர் விருப்பப்படி விட்டுவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். செத்த பிறகு நிதி திரட்டாதீர்கள், கல்லில் வடித்து வைக்காதீர்கள் என்ற பொருளில் அவர் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். அதை எழுதியவர் கோபத்தில் இருந்தார் என்பது தெளிவு. இருக்கும்போது வராத பணம் இறந்த பிறகு வருவதைக் கிண்டல் செய்யும் கோபம் அது. அந்தக் கிண்டலுக்கு இலக்கு நினைவு அல்ல, தாமதம். அவர் தடுத்தும் நிதி திரட்டத்தான் செய்தார்கள்; கமலாவுக்கும் குழந்தைக்கும் அது வேண்டியும் இருந்தது.