மாட்டாளா, முடியவில்லையா?

‘என்ன கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்கிறா.’ வகுப்பில் பேசாத சிறுமியைப் பற்றி ஆசிரியர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். இன்றைய பேச்சில் ‘மாட்டேன்’ என்பது மறுப்பு. பழைய தமிழில் ‘மாட்டாமை’ என்றால் இயலாமை. ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. பேச்சு வராத குழந்தையிடம் இவற்றில் எதை நாம் காண்கிறோம் என்பது அறம் சார்ந்த கேள்வி. மறுப்பு என்று எடுத்துக்கொண்டால் தண்டிக்கத் தோன்றும். இயலாமை என்று எடுத்துக்கொண்டால் உதவும் கடமை நமக்கு வந்துவிடும்.

மருத்துவமே இதில் நெடுங்காலம் தடுமாறியிருக்கிறது. வீட்டில் சரளமாகப் பேசிவிட்டு, பள்ளியிலும் அந்நியர் முன்னும் பேச்சற்றுப்போகும் குழந்தைகள் உண்டு. 1877இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இந்நிலைக்கு வைத்த பெயருக்கு, தானே விரும்பிப் பேச்சிழத்தல் என்று பொருள். 1934இல் வந்த அடுத்த பெயரும் குழந்தை மௌனத்தைத் தேர்ந்தெடுப்பதாகவே சொன்னது. 1994இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு அதைக் கைவிட்டது. 2013இல் இந்நிலை பதற்றக் கோளாறுகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. குழந்தை அடம்பிடிக்கவில்லை, அச்சத்தில் உறைந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பேச்சு வந்தும் மொழி கைகூடாத குழந்தைகளும் இருக்கிறார்கள். நீளமாக ஒன்றைச் சொன்னால் அவர்களுக்குப் பாதியில் இழை அறுந்துவிடும். நடந்ததை முன்பின் வரிசையாகச் சொல்ல வராது. பயம், வெட்கம், கோபம் மூன்றையும் பிரித்துச் சொல்லச் சொல் கிடைக்காது. நோட்டை வீசியெறிவார்கள், பெஞ்சுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நமக்குத் தெரிவது அந்த நடத்தை மட்டும்தான். 1990களில் கனடாவில் நான்சி கோஹனும் அவருடைய குழுவினரும், மனநலச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் மொழித்திறனைச் சோதித்தார்கள். மொழிச் சிக்கல் இருக்கும் என்று யாருமே சந்தேகிக்காத குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. ‘மனசுல இருக்கறதச் சொல்லு’ என்று தொடங்கும் ஆலோசனை, அந்தக் குழந்தையிடம் இல்லாத ஒன்றைத்தான் முதலில் கேட்கிறது.

பெண் குழந்தைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. நோட்டை வீசும் பையன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். ஓசையின்றி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ ‘அடக்கமான பிள்ளை’ என்ற நற்சான்று கிடைக்கிறது. பையன் பேசாவிட்டால் டாக்டரிடம் போகிறோம்; பெண் பேசாவிட்டால் வரன் வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கடைசியில் சிக்கல் தெரியவரும்போது பழி அம்மாவின் தலையில் விழுகிறது. ஆட்டிசக் குழந்தை தனக்குள் ஒடுங்கிப்போவதற்கு, தாய் அதை மனதார ஏற்காததே காரணம் என்று 1967இல் புருனோ பெட்டல்ஹைம் புத்தகமே எழுதினார். அந்தக் கோட்பாடு காலாவதியாகிவிட்டது. ‘அம்மா வேலைக்குப் போறா, பிள்ளைகிட்ட யாரு பேசுறா?’ என்ற கேள்வி மட்டும் காலாவதியாகவில்லை.

இது நம் அரசியலையும் உரசுகிறது. பெண்கள் சொல்வதைக் கேளுங்கள், நம்புங்கள் என்று பெண்ணியம் சொல்லிவந்திருக்கிறது. சொல்பவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதை, 2007இல் தத்துவவாதி மிராண்டா ஃபிரிக்கர் ஓர் அநீதியாகவே வரையறுத்தார். சொல்லே கைவராத சிறுமிக்கு இந்த நீதி எப்படிப் போய்ச் சேரும்? ‘மௌனமும் ஒரு மொழி’ என்று கவித்துவமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. தான் விரும்பியும் வெளியேற முடியாத மௌனம் ஒரு பூட்டிய அறை. அவளுக்குப் பேச்சுப் பயிற்சியும் பதற்றத்துக்கான சிகிச்சையும் வேண்டும். அவை பலன் தரும்வரை அவளைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு, கேட்பவர்களான நம்முடையது.

சட்டம் ஓரிடத்தில் இதை ஏற்றிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி, மாற்றுத்திறன் கொண்ட குழந்தை சாட்சியம் சொல்லும்போது, சிறப்பு ஆசிரியர் அல்லது அந்தக் குழந்தையின் தொடர்புமுறையை அறிந்த ஒருவரின் உதவியை நீதிமன்றம் பெறலாம். உதவி தேவைப்படுவது கேட்பவருக்கும்தான் என்று சட்டமே சொல்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பிறகு, நீதிமன்றத்தில் மட்டும் கிடைக்க வேண்டிய சலுகையா இது? அதே சிறுமி வகுப்பில் படத்தைத் தொட்டுக்காட்டட்டும், எழுதிக்காட்டட்டும், தலையசைக்கட்டும். மனநல மருத்துவரிடம் வரும் ஒவ்வொரு குழந்தையின் மொழித்திறனையும் சோதிப்பது வழக்கமாகட்டும். அவள் பேசக் காத்திருப்பது அன்பு. பேசினால்தான் நம்புவோம் என்பது, முடியாததற்காக அவளைத் தண்டிப்பது.